பதவிப் பந்தி

மருதவாற்றுச் சீமையில் உத்தியோகம் பெறுவதற்கு ஒரு தனி வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் விஜயதசமியன்று அரண்மனையில் பதவிப் பந்தி நடக்கும். பதவி ஒன்றுக்கு இலை ஒன்று. எந்த இலையில் அமர்ந்து ஒருவர் முழுமையாக உண்டு எழுகிறாரோ, அந்த இலைக்குரிய பதவி அவ்வாண்டு முழுவதும் அவருடையது.

வழக்கம் நல்ல வழக்கந்தான். அதைக் கெடுத்தவர் பிரதானி ஏகாம்பரர். அவர் ஓர் இலையில் அமர்வார். பக்கத்து இலைகளின்முன் தம் துண்டுகளைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். நாளடைவில், துண்டு கிடந்த இலையும் உண்ட இலையாகவே கொள்ளப்பட்டது. இவ்வாறு சுங்கம், களஞ்சியம், நிலவரி, சத்திரம், ஏரிப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் அவர் ஒருவர் கைக்கு வந்தன. அவருடைய மைத்துனர்களும் துண்டுக்குக் குறை வைக்கவில்லை.

இதற்கிடையில், அரசர் பூபாலவர்மர் நிறுவிய நிர்வாகக் கல்விக்கூடத்திலிருந்து இருபது பேர் தேறி வெளிவந்தனர். அவர்களுள் முதல்வன் செவ்வந்தியப்பன். கணக்கும் சட்டமும் நீர்ப் பங்கீடும் கற்றவன். கற்றும் ஓராண்டாக வேலையில்லை. இந்த விஜயதசமிக்கும் வழி பிறக்காவிட்டால் அண்டை நாட்டுக்குப் போய்விடுவதென்று இருபது பேரும் வண்டி பேசிவிட்டார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாயை யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் செவ்வந்தியப்பனுக்கு விளங்கவில்லை.

செய்தி அரசருக்கு எட்டியது. பிரதானியை அழைத்துக் கேட்டார். காலியிடம் ஒன்றுகூட இல்லை என்று பிரதானி பணிவோடு சொல்லிவிட்டார். அரசர் தம் அவையின் மதியூகியான மருதையரை நோக்கினார்.

"மருதையரே, புதிய பதவி எதையும் உண்டாக்கக் கூடாது. இருப்பவர் எவரையும் நீக்கவும் கூடாது. ஆனாலும் இந்த இருபது பேருக்கும் வேலை வேண்டும். உம்மால் முடியுமா?"

"முடியும், அரசே. இவ்வாண்டுப் பந்தியில் பரிமாறும் பொறுப்பை மட்டும் எனக்குத் தாருங்கள்."

பிரதானி சிரித்தார். "வேலை கேட்டால் கரண்டி கேட்கிறீரே, மருதையரே."

பந்தி நாள் வந்தது. மருதையர் சொன்னபடி இருபது பேரும் மண்டபத்து ஓரமாக வந்து நின்றார்கள். பிரதானி வழக்கம்போல் துண்டுகளைப் போட்டார்; ஓர் இலையில் அமர்ந்தார்; திருப்தியாக உண்டார். இலையை மடித்து எழப்போனவரின் அருகில் மருதையர் வந்தார். கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, குழம்பு பட்டுவிடப் போகிறது என்று முணுமுணுத்தபடியே, அழகாக மடித்துக் கொடியில் போட்டார்.

"சுங்கம் முடிந்தது, ஐயா. களஞ்சியம் ஆறிக்கொண்டிருக்கிறது. அமருங்கள்."

துண்டு போட்டால் போதும் என்பதே நடைமுறை என்றார் பிரதானி. பந்தியின் முகப்பில் வீற்றிருந்த அரசர் மெல்லத் திரும்பினார்.

"துண்டு சாப்பிடும் என்று என் முன்னோர் எவரும் எனக்குச் சொல்லவில்லையே."

வேறு வழியில்லாமல் பிரதானி களஞ்சியத்துக்கு அமர்ந்தார். மருதையர் மிகுந்த மரியாதையோடு நெய்யை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். போளியை இன்னும் ஒன்று வைத்தார். மீதம் வைப்பது முறையாகாது என்பதையும் நினைவூட்டினார். இரண்டாவது பாயசத்தில் பிரதானிக்கு வியர்த்தது. எதிர்வரிசையில் மைத்துனர் ஒருவர் வடையைக் கையில் ஏந்தியபடி, அதைத் தமக்கு யாரோ செய்த தீங்கைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். நிலவரி இலையில் அமர்ந்த பிரதானியால் முதல் கவளத்தையே விழுங்க முடியவில்லை. அதற்கப்பால் ஆளில்லாத இலைகள் இருபதுக்குக் குறையாமல் நீண்டு கிடந்தன.

யாரும் யாரையும் நீக்கவில்லை. ஆனால் உண்ணாத பதவி உரியதாகாது என்பது பிரதானிக்கு நன்றாகத் தெரியும். அவர் கைகூப்பினார்.

"அரசே, மாலை வரையில் அவகாசம் கொடுங்கள். மீதி இலைகளையும் நாங்களே முடித்துவிடுகிறோம்."

அரசர் மருதையரைப் பார்த்தார்.

"தாராளமாகக் கொடுக்கலாம், அரசே. ஆனால் மாலை வரையில் ஈ மொய்க்காமல் விசிறிக்கொண்டிருக்க இலைக்கு ஓர் ஆள் வேண்டும். நல்லவேளை, கணக்கும் சட்டமும் படித்த இருபது பேர் சும்மாதான் நிற்கிறார்கள்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"விசிற வேண்டாம், மருதையரே. உட்காரச் சொல்லும்."