நீலப் புகை

"மறுபடியும் புகை வருது," என்றார் வெள்ளைச்சாமி.

ஒச்சம்மா லேத்திலிருந்து தலை நிமிரவில்லை. "என்ன நிறம்?"

"நீலம்."

"எத்தனாவது தடவை?"

"நாலாவது. நாலு தடவை ஜீப் இஞ்சினைப் பிரிச்சு, நாலு தடவை பூட்டிட்டேன். இன்னொரு தடவையும் இப்படியே வந்தா பழைய இரும்புக்குப் போட்டுருவேன்."

வெள்ளைச்சாமி போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு ஒச்சம்மாவுக்கு முப்பத்தாறு. போடியில், மலை ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில், ஏலத்தோட்டத்து ஜீப்புகளுக்கு இஞ்சின் வேலை பார்க்கிற பட்டறை அவளுடையது. ஒரு வருடம் அங்கே கீழே உட்கார்ந்து அவர் தொழில் கற்றார். முத்திரை குத்திப் பழகிய கை ஸ்பேனரோடு பட்ட பாட்டைப் பார்த்து அந்தத் தெருவே சிரித்தது.

அவர் மனைவி பவளம் பிறந்தது மலை மேல், நெல்லிப்பாறையில். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. கல்லும் ஓடையுமாக ஒரு பாதை, அவ்வளவுதான். "ரிட்டயர் ஆனதும் நானே ஜீப் ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்," என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடி பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். வீட்டு முற்றத்தில் இஞ்சினைப் பிரித்துப் போட்டார். அது பிரிந்து கிடந்தபோதே பவளம் கண்ணை மூடிவிட்டாள்.

பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது இஞ்சின் சத்தம் மட்டும்தான்.

"பிரிச்சு வைங்க சார். நாளைக்கு வர்றேன்," என்றாள் ஒச்சம்மா.

*

மறுநாள் வந்தாள்.

கட்டிலில் வேட்டி விரித்து, பிஸ்டன்களைத் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட் புதுசு. அதன் மேல் பிளாஸ்டிக் தாள் கிழிக்காமல் இருந்தது. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

சிலிண்டருக்குள் டார்ச் அடித்தாள்.

"பளபளன்னு இருக்கே."

"கண்ணாடி மாதிரி ஆயிருச்சும்மா. முகம் பாக்கலாம்," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

"யார் முகம் தெரிஞ்சுச்சு?"

"என் முகம்தான். வேற யார் இருக்கா இங்க?"

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"பூட்டுன பிறகு எங்க ஓட்டுனீக?"

"எங்கயும் ஓட்டலை. புதுசாப் பூட்டுனதைக் கஷ்டப்படுத்தக் கூடாதுல்ல? இங்கயே நிறுத்தி, நியூட்ரல்ல மெதுவா ஓட விடுவேன். காலையில ஒரு மணி நேரம். சாயங்காலம் ஒரு மணி நேரம்."

"அப்ப நீங்க என்ன பண்ணுவீக?"

"பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். சத்தத்தைக் கேட்டுக்கிட்டு."

ஒச்சம்மா பையிலிருந்து உரசுகிற கல்லை எடுத்தாள். சிலிண்டருக்குள் விட்டுச் சுற்றினாள். பளபளப்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழுந்தது.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "கீறுதும்மா."

"கீறத்தான் கீறுறேன். வழவழன்னு இருந்தா எண்ணெய் நிக்காது. பிஸ்டன் ரிங்கும் சுவரோட ஒட்டி உக்காராது."

"நான் எதுல தப்புப் பண்ணுனேன்? அதைச் சொல்லு."

"பூட்டுனதுல தப்பு இல்லை."

"பின்ன?"

"பூட்டுங்க சார். பூட்டிட்டு ஆள் விடுங்க. நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீக."

*

பூட்டப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அதைத் தாங்குவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது.

பதினோராவது நாள் காலையில் ஒச்சம்மா வந்தாள். கூடவே தூக்குவாளிகளோடு ஏலக்காய் எடுக்கிற பெண்கள் ஆறு பேர். இரண்டு அரிசி மூட்டை.

"இவுக நெல்லிப்பாறைப் பக்கந்தான் போறாக. ஏத்துங்க."

"முதல் ஓட்டத்துலயே இவ்வளவு பாரமா?"

"பாரம் இல்லாம ஓடுனா ரிங் உக்காராது சார், எண்ணெய் மேல ஏறி எரியும். அதான் நாலு தடவையும் புகைஞ்சுச்சு."

அவர் மூட்டைகளைத் தூக்கிப் பின்னால் வைத்தார்.

எல்லாரும் பின்னால் ஏறினார்கள். ஒச்சம்மாவும் பின்னால்தான் ஏறினாள்.

முதல் ஏற்றத்திலேயே நீலப் புகை கிளம்பியது. அவர் கால் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீக. செகண்ட் கியர்லயே போங்க."

"என்னக்கா, டிரைவர் வீடு வீடா லெட்டர் குடுக்குற மாதிரி போறாரு," என்றாள் ஒருத்தி. பின்னால் ஒரே சிரிப்பு. வெள்ளைச்சாமியும் சிரித்துவிட்டார். தன் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது அவருக்கு.

நாலாவது வளைவில் புகை மெலிந்தது. ஓடையைத் தாண்டி ஏறும்போது கண்ணாடியில் பார்த்தார். பின்னால் பாதை சுத்தமாகத் தெரிந்தது.

சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அவருக்குப் பயம் வந்தது. இனி இஞ்சின் மேல் பழி போட முடியாது. பவளம் இல்லாமல் நெல்லிப்பாறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அடுத்த வளைவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் ஒரு மூட்டை. கை காட்டினாள். அந்தப் பாதையில் கை காட்டுகிறவரை விட்டுவிட்டு எந்த ஜீப்பும் போகாது. நிறுத்தினார்.

"பின்னால கால் வைக்க இடம் இல்லையேம்மா," என்றார்.

அந்தப் பெண் முன் சீட்டைப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

அவர் திரும்பித் தன் குருவைப் பார்த்தார். ஒச்சம்மா பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஞ்சின் நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது. காலையும் மாலையும் நாற்காலி போட்டுக் கேட்ட அதே சத்தம். கொஞ்ச நேரம் அதைக் கேட்டார்.

பிறகு கையை நீட்டிப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தார்.

அந்தப் பெண் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். "மேல யாராச்சும் ஏற வேண்டிய சீட்டா இது?"

"என் வீட்டுக்காரி சீட்டு. நல்லாச் சாஞ்சு உக்காரும்மா," என்று கியரைப் போட்டார்.