குறுக்கே விழுந்த வெட்டு

சாரல் விடாமல் பெய்த ஒரு காலையில், மலையடிவார மடத்தின் வாசற்சாவியைக் கொண்டுவந்து குருவின் முன்னால் பாயில் வைத்தாள் உலகம்மை.

"தாயே, செண்பகவடிவை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மனமில்லையென்றால் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்."

குருவான மங்களத் தாயார் உலகம்மையை விட வயதில் இளையவர். பெண் துறவிகளும் போக்கிடமற்ற பெண்களும் தங்கிய அம்மடத்துக்கு அவரே தலைவி. உலகம்மை அவருடைய சீடர். முன்பு மாணவியர் விடுதியொன்றில் காப்பாளராக இருந்தவள்.

"என்ன செய்தாள்?" என்றார் தாயார்.

"நேற்றும் நேரம் கழித்து வந்தாள். நான் வாசலைத் திறக்கவில்லை. விடியும்வரை வெளியே சுவரோரமாய் உட்கார்ந்திருந்தாள்."

"எங்கே போய் வருகிறாள் என்று தெரியும் அல்லவா?"

"தெரியும். டவுன் ஆஸ்பத்திரியில் புருஷன் கிடக்கிறான். இவள் ஊட்டினால்தான் சாப்பிடுவானாம். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. மாலை மணி அடித்த பிறகும் அரைமணி நேரம் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அவளுக்கும் அதே அரைமணி. கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இதில் என் பிழை எது?"

"அனுப்பினால் எங்கே போவாள்?"

"அதை நான் அறியேன். பெண்கள் உறங்கும் இடம் இது, தாயே. காவலுக்கு ஆளில்லை. பூட்டு ஒன்றுதான் காவல்."

தாயார் எழுந்து உள்ளே போய் ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். பழைய துணிகளை வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பது மடத்தின் வழக்கம். சாரல் காலத்தில் வந்து தங்குவோருக்கு அதுவே போர்வை.

"கடைசி வரிசை பாக்கி இருக்கிறது. ஒரு கட்டம் முழுச் சதுரம். அடுத்த கட்டம் மஞ்சளும் நீலமுமாய் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம். மாறி மாறி வரவேண்டும். தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் நாலு அங்குலம் நிற்கவேண்டும். முடியுங்கள், பதில் சொல்கிறேன்."

"நான் கேட்டதற்கும் போர்வைக்கும் என்ன?"

"துணி தையல் கூடத்தில் இருக்கிறது."

உலகம்மை எதையும் அளக்காமல் செய்பவள் அல்லள். தையலுக்குள் போகும் துணிக்காக அரை அங்குலம் சேர்த்து, எல்லாவற்றையும் நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டினாள். முக்கோணம் வேண்டியவற்றை மூலைக்கு மூலை மடித்து வெட்டி, நீலத்தோடு மஞ்சளை இணைத்தாள்.

வரிசையாக அடுக்கினாள். முழுச் சதுரங்கள் சரியாக நின்றன. முக்கோணம் சேர்த்தவை மட்டும் சிறுத்திருந்தன.

பிரித்து மறுபடி தைத்தாள். அப்போதும் சிறுத்தே இருந்தன. இழுத்துப் பிடித்தாள். சாய்வாக வெட்டிய விளிம்பு இழுத்த பக்கமெல்லாம் நீண்டு அலையலையாக நெளிந்தது. இஸ்திரி போட்டாள். நெளிவு படிந்ததே தவிர நிமிரவில்லை.

நனைந்த சேலையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்த செண்பகவடிவு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, கட்டம் சாரல்ல நனைஞ்சு சுருங்கிட்டோ?"

"ஒன் வேலையப் பாருட்டி. வாய் மட்டும் நேரத்துக்கு வந்துருது."

"வாய்க்குப் பஸ் வேண்டாமே, அக்கா."

உலகம்மை நிமிராமல் நூலைப் பிரித்தாள்.

பிற்பகலில் தாயார் வந்தார். கட்டங்களைப் பார்த்தார்.

"துணி போதவில்லையா?"

"நிறைய இருக்கிறது. அளவும் தவறவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுதான் விட்டேன்."

"எவ்வளவு?"

"அரை அங்குலம்."

தாயார் முழுச் சதுரம் ஒன்றை எடுத்தார். "இதற்கு எங்கெங்கே தையல்?"

"சுற்றிலும் நாலு பக்கம்."

முக்கோணம் சேர்த்த கட்டத்தை எடுத்து நீட்டினார். "இதற்கு?"

"இதற்கும் நாலு பக்கம்தான்."

"நடுவில்?"

உலகம்மை கட்டத்தைத் திருப்பி, சாய்வாக ஓடிய தையலின் மேல் விரலை ஓட்டினாள். உள்பக்கம் மடிந்து கிடந்த துணி தட்டுப்பட்டது.

"குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது" என்றார் தாயார். "அதைச் சேர்ப்பதற்கும் துணி வேண்டாமா?"

உலகம்மை வேறு துணி எடுத்தாள். முழுச் சதுரங்களை அப்படியே விட்டுவிட்டு, முக்கோணத்துக்கு உரியவற்றை மட்டும் ஐந்து அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வெட்டினாள். சாய்வு விளிம்பை இம்முறை இழுக்கவில்லை. கையால் அழுத்தாமலே தையல் மெஷினின் ஊசிக்கடியில் போகவிட்டாள். மூலை மூலையோடு பொருந்தியது. வரிசை முடிந்து போர்வையோடு சேர்ந்தது.

கூடத்தின் மறுகோடியில் செண்பகவடிவு தூக்குவாளியைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம். திரும்பி வரும்போது வாசல் திறக்குமா என்று அவள் கேட்கவில்லை. இவர்கள் பக்கம் பார்க்கவுமில்லை.

உலகம்மை குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தாயே, ஒருத்திக்கு மட்டும் கூட்டிக் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரே மடத்தில் இரண்டு அளவா?"

தாயார் போர்வையின் மேல்பக்கம் தெரியும்படி மேசையில் விரித்தார். அளவு நாடாவை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"எந்தக் கட்டத்துக்குக் கூடுதலாக விட்டீர்கள்? இப்போது அளந்து காட்டுங்கள்."

உலகம்மை ஒரு கட்டத்தை அளந்தாள். அடுத்ததை அளந்தாள். அதற்கடுத்ததையும் அளந்தாள். எல்லாம் நாலு அங்குலம். பிறகு நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

காலையில் வைத்த இடத்திலேயே கிடந்த சாவியைப் போய் எடுத்துவந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏட்டி, செண்பகவடிவு" என்றாள், குரலில் கண்டிப்புக் குறையாமல். "அங்கேயிருந்து கடைசி பஸ் எப்பம்?"