தொட்டியோடு வந்த விருந்தாளி

பவளத்துறை ராஜா மகுடேசுவரருக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் போச்சு, அதை விடவே மாட்டார். அந்த மார்கழியில் துறைமுகத்துக்கு வந்த சீமை வியாபாரிகள், கிறிஸ்துமஸ் கொண்டாடி முடித்த கையோடு, தங்கள் ஊசியிலை மரத்தைத் தொட்டியோடு அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

"பண்டிகைதான் முடிஞ்சுபோச்சே, இதை என்ன செய்யலாம்?" என்றார் ராஜா.

"மாந்தோப்பு நடுவே நட்டுவிடுங்கள், அத்தான்! வந்த விருந்தாளியை விரட்டலாமா?" என்றான் ராணியின் தம்பி பூபதி. மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தவன் அவன். நாற்பது உறவுக்காரர்களோடு வந்தான். இன்னும் போன பாடில்லை!

ராஜா உடனே உத்தரவு போட்டார். தோப்புக்காரி வேலாயி, வாய்ச்சாமர்த்தியத்துக்குப் பேர்போன மந்திரி கொன்றையப்பனிடம் ஓடி வந்தாள்.

"சாமி, அந்தத் தொட்டி மண்ணுக்குள்ளே வெள்ளை வெள்ளையாப் புழு! நம்ம ஊர்ப் புழுவே இல்லை. நட்டா நானூறு மாமரமும் போச்சு, என் பொழப்பும் போச்சு. ராஜாகிட்ட யாரு சொல்றது?"

கொன்றையப்பன் யோசித்தார். ராஜா வாக்கை மறுத்தால் தலை தப்புமா? ஆனால் அந்தத் தோப்பு மாம்பழம் இல்லாத சித்திரையை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. நேரே சபைக்குப் போனார்.

"மகாராஜா, நல்ல நாள் ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. அதுவரை அதே தொட்டியில் ஒரு மாங்கன்றையும் வைக்கிறேன். இரண்டும் பழகட்டும்."

"பேஷ், அப்படியே செய்!"

எட்டாம் நாள் சபை நடுவே கொன்றையப்பன் அந்தக் கன்றை இரண்டு விரலால் தூக்கினார். சுலபமாய் வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை! தொட்டி மண்ணைத் தாம்பாளத்தில் அள்ளிக் கொட்டினார். கொழுகொழுவென்று புழுக்கள் நெளிந்தன.

ராஜா முகம் சுளித்தார். "சீ! என்னய்யா இதெல்லாம்?"

"விருந்தாளியின் உறவுக்காரர்கள், மகாராஜா. பண்டிகைக்கு வந்தவர் தனியாக வரவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடோ நம்முடையது."

சபையே பூபதியைத் திரும்பிப் பார்த்தது. அவன் வாயில் போட்ட அதிரசத்தை மெல்லவும் மறந்தான்.

"புழுவைக் கொளுத்து! மரத்தை வந்த கப்பலிலேயே ஏற்று!" என்று கத்திய ராஜா, குனிந்து மந்திரியின் காதைக் கடித்தார். "அப்படியே நம்ம பூபதியையும்..."

கொன்றையப்பன் பெரிய கும்பிடாகப் போட்டார். "மரம் இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது, மகாராஜா, அனுப்பிவிடலாம். மச்சினர் வேர்பிடித்து மூன்று வருஷம் ஆகிறதே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. சித்திரையில் தோப்பின் முதல் கூடை மாம்பழம் கொன்றையப்பன் வீட்டுக்குப் போனது. இரண்டாவது கூடையா? பூபதிக்குத்தான், வேறு யாருக்கு!