கறுப்புத் திரையில் ஒன்பது பெயர்கள்

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் காது அடைத்துக்கொள்ளும். முப்பத்தோரு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தி, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே போய்விட்டது என்பார் அவர் மனைவி.

ஓய்வு பெற்ற மறுமாதம், பாளையங்கோட்டையில் ரஹீமா நடத்திய கணினி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். ரஹீமாவுக்கு இருபத்தெட்டு வயது. "அந்தப் பிள்ளைதான் எனக்குக் குரு" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். ரஹீமாவுக்கு அது பிடிக்காது.

"டீச்சர்னு மட்டும் கூப்பிடுங்க அண்ணாச்சி. அது போதும்."

டீச்சரும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு ரத்தக் கொடையாளர் குழு நடத்தினார்கள். மாடியில் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கணினி. கொடுப்பவர்களின் பெயரும் எண்ணும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்திருந்ததால், பட்டியல் அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தது. அதை விட்டால் ஒரே நகல் கிப்சன் வீட்டில். கிப்சன் குழுவில் இன்னொருவர். நாற்பது வயது, இன்சூரன்ஸ் வேலை, வீடு வள்ளியூரில்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் மருத்துவமனைச் சீட்டோடு ஒருவர் மாடிப்படி ஏறி ஓடிவந்தார். பெயர் இசக்கிதுரை. தங்கைக்கு விடியற்காலையில் குழந்தை பிறந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை.

"பம்பாய் ரத்தம்னு சொல்லுதாவ. யார்ட்டயும் இல்லையாம். மதுரையில இருந்து ஒரு பை வருதாம். அது பத்தாதாம். மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு வேணும்."

ஆவுடையப்பனுக்கு அந்த வகை தெரியும். சோதித்தால் ஓ போலத் தெரியும். ஆனால் ஓ ரத்தத்தை அந்த உடம்பு ஏற்காது. மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

"இருக்கு. நம்மகிட்ட ஆள் இருக்கு. உக்காருங்க" என்று சொல்லிக் கணினியைப் போட்டார்.

வழக்கமாக வரும் நீலத் திரை வரவில்லை. முழுக் கறுப்பு. மேல் மூலையில் இரண்டு வரி ஆங்கிலம். அதற்குக் கீழே 'க்ரப்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு அம்புக்குறி, மினுக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்.

முந்தின நாள் சாயங்காலம், அதே கணினிக்குள் பழையதற்குப் பக்கத்திலேயே புது சிஸ்டம் ஒன்று போட்டுப் பார்க்கப் போவதாக கிப்சன் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. ஆவுடையப்பனுக்குக் காது அடைத்துக்கொண்டது.

கிப்சனுக்குப் போன் போட்டார். எடுத்ததும் ஆரம்பித்தார். கைவைக்காதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்றார். ஒரு உயிர் போனால் நீதான் பதில் சொல்ல வேண்டும் என்றார். உனக்கெல்லாம் எதற்கு இந்தச் சேவை என்றார். அந்தப் பக்கம் கிப்சன் இரண்டு மூன்று தடவை "அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்றது காதில் விழுந்தது. விடவில்லை. நான்கு நிமிஷம் கழித்துப் பார்த்தால் இணைப்பு அறுந்திருந்தது. திரும்பப் போட்டார். போன் அணைக்கப்பட்டிருந்தது.

அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. போனிலேயே இணையத்தில் தேடி, யாரோ யாருக்கோ சொல்லியிருந்த நான்கு கட்டளைகளை அப்படியே பார்த்து அடித்தார். பிழை என்றது. மறுபடி அடித்தார். மறுபடி பிழை. கணினியை அணைத்துப் போட்டார். ஆறு தடவை அணைத்துப் போட்டார். ஆறு தடவையும் அதே கறுப்பு.

"போர்டுல மட்டும் இருபத்துநாலு மணி நேரமும்னு எழுதி வச்சிருக்கீங்க" என்றார் இசக்கிதுரை.

"ஏய், கீழ போய் நில்லு. வேலை பாக்க விடு."

"எங்கயும் போவ மாட்டேன். என் தங்கச்சி அங்க கெடக்கா."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். அப்புறம்தான் ஆவுடையப்பன் டீச்சரை அழைத்தார்.

ரஹீமா நாகர்கோவிலில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். போனில் ஹாரன் சத்தமும் யாரோ ஒரு கண்டக்டர் சீட்டுக் கேட்கும் சத்தமும் கேட்டன. போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார் ஆவுடையப்பன்.

"டீச்சர், கிப்சன் கம்ப்யூட்டரைக் கொன்னுட்டான்."

"திரையில என்ன இருக்கு?"

"அவனை நம்பி உள்ள விட்டது நம்ம தப்பு. பம்பாய் ரத்தம் கேட்டு ஆள் வந்து நிக்குது, இவன் பண்ணுன வேலையில..."

"அண்ணாச்சி, திரையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பிழை பிழைன்னு வருது."

"முழுசாப் படிங்க."

"அதான் சொல்லுதேனே, பிழை."

டீச்சரின் குரல் மாறியது. அப்படி ஒரு குரலை வகுப்பில் அவர் கேட்டதில்லை. தணிந்தும் கெட்டியாகவும் இருந்தது.

"உங்களுக்குக் கோபமா இருக்குன்னு தெரியுது. நான் அதைக் கேட்கல. திரையில இருக்கிற எழுத்தைக் கேட்டேன்."

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அது வரைக்கும் அந்த வரியை அவர் படிக்கவே இல்லை. 'பிழை' என்ற முதல் சொல்லோடு நின்றிருந்தார்.

"அப்படி ஒரு பிரிவு இல்லைன்னு போட்டிருக்கு டீச்சர்."

"இல்லாத அறைக்குப் போகச் சொன்னா அது அப்படித்தான் சொல்லும். மெஷின் சாகல அண்ணாச்சி. உள்ள இருக்கிறதை எழுப்பி விடுற நிரல் மட்டும் முழிச்சிருக்கு. பூட் லோடர்னு வகுப்புல சொன்னேனே, அது. எங்க போகணும்னு தெரியாம வாசல்ல நிக்குது. நீங்க சொன்னா கேட்கும்."

"அப்ப பூட் பண்ணுத கட்டளையைச் சொல்லுங்க."

"எந்த அறையில போய் எழுப்பச் சொல்வீங்க?"

ஆவுடையப்பன் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

"புதுசை எந்த அறையில போட்டார்னு கிப்சன்ட்ட கேட்டீங்களா?"

"பேசினேன். நாலு நிமிஷம் பேசினேன்."

"கேட்டீங்களா?"

இசக்கிதுரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல" என்றார் ஆவுடையப்பன்.

"சரி. எல், எஸ் அடிங்க. என்ட்டர். என்னென்ன அறை இருக்குன்னு காட்டும்."

அடித்தார். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். எச், டி, பூஜ்யம், காற்புள்ளி, ஜி, பி, டி, மூன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் ஒன்று.

"மூணு அறை. ஒவ்வொண்ணாத் தட்டிப் பாப்போம். எல் எஸ், ஒரு இடம் விட்டு அந்த அடைப்புக்குறி, கடைசியில சாய்வுக்கோடு. ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிங்க."

ஒன்றில் சின்னதாக ஒரு கோப்புறை. அது இல்லை என்றார் டீச்சர். இரண்டில் பத்துப் பதினைந்து பெயர் வந்தது. அதில் 'ஹோம்' என்று ஒன்று. அதற்குள் பார்க்கச் சொன்னார். கிப்சன் என்று வந்தது.

"இதுதான் அவன் போட்ட எழவு" என்று ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார். "அவன் பேரையே வச்சிருக்கான் பாருங்க."

"அது புதுசு. அப்ப பழசு மூணுல இருக்கணும். மூணைப்..."

அதோடு போன் அறுந்தது. நாங்குநேரியைத் தாண்டும் இடத்தில் எப்போதும் அப்படித்தான். முப்பது வருஷம் அந்தத் தடத்தில் போய்வந்தவருக்கு அது தெரியும். தெரிந்தும் போனைத் தூக்கி எறியத் தோன்றியது.

அவரே அடித்தார். கோபத்தில் விரல் பட்ட இடமெல்லாம் அழுந்தியது. பிழை என்றது.

கை கணினியை அணைக்கும் பொத்தானுக்குப் போனது. ஏழாவது தடவை. பாதியில் நின்றது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக. இப்படி ஒரு கட்டளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி, அவர் அடித்ததை அது அப்படியே திருப்பிக் காட்டியிருந்தது.

இசக்கிதுரை அவர் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, அவங்க இடம் விடச் சொன்னாங்கல்லா? எல் எஸ்ஸுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவுல இடமே இல்லயே. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்கி."

ஆமாம், ஒட்டிக்கொண்டுதான் நின்றது. கால் மணி நேரத்துக்கு முன்னால் கீழே போய் நில்லு என்று விரட்டிய ஆளை ஆவுடையப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. இடம் விட்டு அடித்தார். 'ஹோம்' வந்தது. அதற்குள் போனார். 'குருதி' என்று குழு வைத்திருந்த பெயர் வெள்ளை எழுத்தில் வந்து நின்றது.

போன் மணி அடித்தது.

"மூணுலதான் இருக்கு டீச்சர். குருதி இருக்கு. இப்ப பூட் பண்ணிரட்டா?"

"வேண்டாம். பக்கத்துல புதுசு போட்டதுல பழசுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாது. எழும்பலாம். எழும்பாமலும் போகலாம். தன்னைத்தானே சோதிக்க ஆரம்பிச்சா அரைமணி நேரம் நிக்கும்."

"பூட் ஆவாம எப்படி டீச்சர்?"

"உங்களுக்கு இப்ப மெஷின் வேணுமா, நம்பர் வேணுமா?"

காலையிலிருந்து ஆவுடையப்பன் கணினியோடும் கிப்சனோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நம்பரை மறந்தே போயிருந்தார்.

"நம்பர்" என்றார் இசக்கிதுரை, போனைப் பார்த்து.

"அப்ப குருதிக்குள்ள பாருங்க. அரிய வகைக்குத் தனியா ஒரு கோப்பு வச்சிருந்தோம். பேர் என்னன்னு போட்டிருக்கு?"

"அரிது. புள்ளி, டி எக்ஸ் டி."

"சி, ஏ, டி. இடம் விடுங்க. பிறகு அடைப்புக்குறியில இருந்து கோப்புப் பேர் வரை முழு வழியும். வாசல்ல நிக்கிறவனே உள்ள பாத்துப் படிச்சுச் சொல்லிடுவான்."

ஆவுடையப்பன் ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி அடித்தார். இசக்கிதுரை சரிபார்த்தார். என்ட்டரைத் தட்டியதும் அந்தக் கறுப்பில் ஒன்பது வரிகள் வந்தன. பெயர், வகை, ஊர், எண். ஒன்பதில் நான்கு பம்பாய்.

அவர் படிக்கப் படிக்க இசக்கிதுரை மருத்துவமனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, அங்கேயே நின்று தன் போனில் அழைத்தார். முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது ஆள் மஸ்கட்டில் இருந்தார். மூன்றாவது, பேட்டையில் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியார். வகுப்பைப் பக்கத்து அறைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறேன் என்றார். நான்காவது ஒரு பெண், தாழையூத்தில். இருபது நிமிஷத்தில் வருகிறேன் என்றார்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிய இசக்கிதுரை, பாதியில் நின்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஓடினார்.

ஒரு மணிக்கு டீச்சர் வந்து சேர்ந்தார். அதற்குள் மருத்துவமனையிலிருந்து தகவல் வந்திருந்தது. இரண்டு பையும் கிடைத்துவிட்டன. ரத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாளாம்.

கணினி இன்னும் கறுப்பாகவே இருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. ஆவுடையப்பனையே உட்காரச் சொல்லிப் பின்னால் நின்றுகொண்டார். எந்த அறை என்று ஒரு வரி, எதை ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி, அதற்குத் துணையாக எது என்று ஒரு வரி. கடைசியில் பூட் என்று ஒரே சொல். வெகுநேரம் சோதனை ஓடியது. கடைசியில் நீலத் திரை வந்தது.

ஆவுடையப்பனுக்கு அப்போதும் ஆறவில்லை.

"கிப்சன் வரட்டும். வாசல்லயே நிறுத்திக் கேக்குதேன்."

"வந்துக்கிட்டுத்தான் இருக்கார். நான் பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் கடைக்காரர் ஒருத்தர் போன்ல இருந்து கூப்பிட்டார். உங்க போன் அறுந்த மறு நிமிஷமே நகலை எடுத்துக்கிட்டு பைக்குல கிளம்பிட்டாராம். வழியில டயர் வெடிச்சு நிக்கிறார்."

"அப்ப போனை ஏன் அணைச்சு வச்சான்?"

"உங்க நாலு நிமிஷத்துல சார்ஜ் போயிடுச்சாம்."

கீழே தெருவில் யாரோ வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். கிப்சன் இல்லை.

"இவ்வளவு நேரத்துல உங்களுக்குக் கோபமே வரலையா டீச்சர்?"

"வந்துச்சு. அந்தப் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து உங்களை அடிக்கணும்போல வந்துச்சு."

"பெறவு?"

"பிறகு நீங்க அடுத்த வரியைப் படிச்சீங்க."