தலைவர் படத்துக்குப் போன மை

வெல்ல மண்டிச் சங்கத் தலைவர் நாச்சிமுத்துவுக்குத் தன் படம் பெரிதாக இல்லாத நோட்டீஸ் நோட்டீஸே இல்லை. பிரிண்டர் மையை மட்டும் ஆன்லைனில் பாதி விலைக்கு வாங்கச் சொன்னார். "வருஷம் பூரா வரணும். இல்லேன்னா உன் வேலை போயிரும்" என்று ஆபீஸ் பெண் தவமணியை மிரட்டியும் வைத்தார்.

மை பாதி வருஷம்கூடத் தாங்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எகிறினார். "மட்டமான மையை வாங்கி ஏமாந்துட்டியே!"

"மையில குத்தமில்லீங்க. எழுத்துக்குக் கொஞ்சந்தான் ஆகுது. மிச்சமெல்லாம் படத்துல உங்க முடிக்கும் மீசைக்குமே போயிருதுங்க. உள்ளபடி நரையோட ஒரு படம் குடுங்க, வருஷம் பூரா வரும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வியர்த்துப்போன தலைவர் மீசையைத் தடவினார். விரலெல்லாம் கறுப்பு.

தவமணி எட்டிப் பார்த்தாள்.

"நான் வாங்கின மை இப்படிக் கையில ஒட்டாதுங்க."