மலர் பேச்சு குடிபோன கதை

திருச்சி பொன்மலையில் ஒரு வீட்டில் ஒரு கணினி இருந்தது. வாங்கி வந்த அன்று வெள்ளை வெளேரென்று இருந்ததாம். இருபது வருடத்துக்கு மேல் உழைத்து உழைத்துப் பழுத்த வாழைப்பழத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் குடியிருந்தவர்கள் அதைப் 'பெரிசு' என்று கூப்பிட்டார்கள்.

பெரிசுக்குள் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. படங்கள் ஒரு தெரு, பாட்டுகள் ஒரு தெரு, கடிதங்கள் ஒரு தெரு. ரயில் டிக்கெட், பள்ளிக்கூட விண்ணப்பம், யாரோ அனுப்பிய பொங்கல் வாழ்த்து எல்லாம் ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. அந்தச் சந்தின் கோடியில் ஒரு சின்னக் கோப்பு இருந்தான். முழுப்பெயர் 'மலர் பேச்சு'. அக்கம்பக்கத்தில் சுருக்கமாகப் 'பேச்சு' என்பார்கள்.

பேச்சை எழுதியவர் வீட்டுக்காரர் குணசீலன். மகள் செம்மலர் வாய் திறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சொன்னதையெல்லாம் தினமும் வேலை விட்டு வந்ததும் தட்டி வைத்தார். இரண்டு வருடம் விடாமல் எழுதினார். மலருக்கு ஏழு வயதானபோது அவர் இறந்துபோனார்.

அதற்கப்புறம் அவர் மனைவி தமயந்தி பேச்சைத் திறக்கவே இல்லை. திறந்தால் மனசு தாங்காது என்று பயம். "நீ பிள்ளத்தாச்சியா வீட்டுக்கு வருவேல்ல, அப்ப ரெண்டு பேரும் சேந்து படிப்போம்டி" என்று மகளிடம் சொல்லிச் சொல்லியே காலத்தைக் கடத்திவிட்டாள்.

பேச்சுக்கு இதில் வருத்தம் உண்டு. ஒரு கோப்புக்கு வேறென்ன ஆசை இருக்கப்போகிறது? யாராவது திறந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வருத்தத்தைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு இருந்தது கோமளா ஒருத்திதான்.

கோமளா ஓர் எழுத்துரு. குணசீலனின் நண்பர் வேலாயுதம் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து செய்து, அதற்குத் தன் மனைவியின் பெயரையே வைத்தார். அவளை வைத்திருந்தவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்தக் காலத்துத் தமிழ்க் கோப்புகளின் சங்கதி அப்படி. உள்ளே இருப்பது வெறும் எண்கள். எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அது வந்து நின்றால்தான் அந்த எண் 'அ' ஆகும், 'ம்' ஆகும். வேறு யாராவது வந்து நின்றால் வாய்க்கு வந்தபடி ஏதோ ஆகும். ஆகையால் பேச்சுக்கு உடம்புதான் சொந்தம். முகம் கோமளா கொடுத்தது.

"எப்பதான்கா திறப்பாங்க?" என்று கேட்பான் பேச்சு.

"திறக்கும்போது திறக்கட்டும். திறந்த அன்னிக்கு உன் சுழியெல்லாம் பளிச்சுனு இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்பாள் கோமளா.

ஒரு நாள் காலையில் செம்மலர் வந்து சேர்ந்தாள். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறைய கண்ணாடி வளையல். கூடவே அம்மாவுக்கென்று ஒரு புதுக் கணினி. அது பெரிசின் ஜாதியே இல்லை. தாம்பூலத் தட்டு கனம்கூட இருக்காது, வெள்ளி நிறம், நடை உடை பாவனை எல்லாமே வேறு.

மலர் பெரிசை முடுக்கினாள். உள்ளே கடக் கடக் என்று சத்தம் வந்தது. திரையில் பாதி கறுத்துக் கிடந்தது.

"அம்மா, இது இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. மொதல்ல எல்லாத்தையும் அதுக்கு மாத்திருவோம். அப்புறமா அப்பா எழுதினத நிம்மதியா உக்காந்து படிக்கலாம்."

"ஒண்ணு விடாம எடுத்துருடி" என்றாள் தமயந்தி.

"அப்பா எழுதினது, ஃபோட்டோ, மெயிலு எல்லாம் எடுத்துட்டேன். மத்ததெல்லாம் இந்த மெஷினோட சொந்த சாமான்மா. புதுசுக்கு ஒத்து வராது. வீடு மாத்தும்போது கதவையும் ஜன்னலையும் பேத்தா எடுத்துட்டுப் போவாங்க?"

தமயந்திக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பேச்சுக்கு மட்டும் பகீரென்றது. கோமளா இருந்தது பெரிசின் சொந்த அறையில், அந்தக் கதவு ஜன்னல்களுக்கு நடுவில்தான்.

"அக்கா, நீங்க வரலயா?"

"எம் பேரு பட்டியல்ல இல்லையே தம்பி."

"சொல்லுங்கக்கா, கூப்பிட்டுச் சொல்லுங்க!"

"உன்னைத் திறந்தாத்தானே நான் வெளிய வர முடியும். திறக்கலயே." கோமளா சிரிக்கப் பார்த்தாள். "போ தம்பி. அங்க நிறைய எழுத்துருங்க இருக்குமாம். யாராச்சும் உன்னைப் பாத்துக்குவாங்க."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். பேச்சு அழுதான். ஆனால் வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.

கடிதத் தெருவிலிருந்தும் எல்லோரும் கிளம்பினார்கள். கடைசியில் ஒரு கடிதம் தலையில் மூட்டையோடு தள்ளாடி வந்தது. எல்லோரும் அவரைத் 'திரும்பி வந்தவர்' என்பார்கள். மஸ்கட்டில் இருந்த தம்பிக்குக் குணசீலன் அனுப்பிய கடிதம் அவர். தம்பியின் அஞ்சல் பெட்டி சின்னது, மூட்டை பெரியது. இடமில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். போதாக்குறைக்கு அவர் உடம்பில் இருந்தது ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். கோமளா கொடுத்த முகத்தோடு இருந்த மற்ற கடிதங்கள் அவரைச் சும்மா விடவில்லை.

"என்ன பெரியவரே, போன வேகத்துல திரும்பி வந்தீராமே?"

"மூட்டையில என்ன, பேரீச்சம்பழமா? அது அங்கேயே கிடைக்குமே!"

"தெரியாதுப்பா. சேர்ற வரைக்கும் எறக்காதேன்னு சொல்லிவிட்டாங்க. இன்னும் சேரல" என்பார் அவர்.

பேச்சுக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பாவம், வயசானவர் கழுத்து வலிக்குமே என்று தோன்றியது. "ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்" என்று கை கொடுத்தான். இருவருமாகப் புதுக் கணினிக்குள் போனார்கள்.

கடைசிப் படம் உள்ளே நுழைந்ததும் பெரிசு ஒரு முறை நீளமாகக் கடக் என்றது. அப்புறம் ஓய்ந்துவிட்டது. மலர் நாலைந்து தடவை பொத்தானை அழுத்திப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"போகுதும்மா. எல்லாம்தான் வந்துருச்சே" என்றாள்.

புதுக் கணினிக்குள் வெளிச்சம், சுத்தம், விசாலம். அது மிகவும் மரியாதையாகப் பேசியது. "வணக்கம். வருகைக்கு மகிழ்ச்சி. பெயர் உள்ளது, எடை உள்ளது, தேதி உள்ளது. சரி. உள்ளே வாருங்கள்."

தமயந்தி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குணசீலன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "திற" என்றாள்.

மலர் பேச்சைத் திறந்தாள்.

எத்தனை வருடமாக அவன் காத்திருந்த நிமிடம் அது! திரை முழுக்க, கொம்பும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் சிதறிக் கிடந்தன. ஒரு வரி இல்லை, ஒரு சொல் இல்லை.

"என்னடி இது?"

மலர் மூடித் திறந்தாள். மறுபடியும் அதே. புதுக் கணினியின் எழுத்துருக்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். நல்லவர்கள்தான். "எங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியவில்லையே" என்று கையை விரித்தார்கள்.

"மன்னிக்கவும். பொருள் விளங்காத கோப்பு. ஓரமாக நிற்கவும்" என்றது கணினி.

"பொருள் இருக்குங்க! முகம்தான் இல்ல!" என்று கத்தினான் பேச்சு. ஆனால் அந்தக் கத்தலும் கேள்விக்குறியாகத்தான் வந்தது.

மலர் கெட்டிக்காரி. கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டாள். "ஃபான்ட் இல்லம்மா. அப்பா 'கோமளா'ன்னு ஒரு ஃபான்ட்ல அடிச்சிருக்காரு. அது அந்த மெஷினுக்குள்ள இருந்திருக்கு. கதவு ஜன்னல்னு நெனச்சு நான்தான் விட்டுட்டு வந்துட்டேன்." இணையம் முழுக்கத் தேடினாள். அப்படி ஒருத்தி எங்கேயும் இல்லை.

"வேலாயுதம் அண்ணன் பண்ணது" என்றாள் தமயந்தி. "அவரும் போய்ச் சேந்தாச்சு. அவங்க வீட்டு கம்ப்யூட்டரைப் பழசுக்குப் போட்டு எத்தனையோ வருஷமாச்சு."

தமயந்தியின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. "படிக்கலாம் படிக்கலாம்னு பூட்டியே வெச்சேன்டி. உங்கப்பா பேசறத நீ கேக்கக்கூட விடாம பண்ணிட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவே" என்றாள் மலர். அவளுக்கு அப்பாவின் சட்டை வாசம் நினைவிருந்தது, மீசை நினைவிருந்தது. குரல் நினைவில்லை. இந்தக் கோப்பில்தான் அதைக் கேட்கப்போவதாக அவள் சின்ன வயதிலிருந்தே நம்பிக்கொண்டிருந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

பிறகு ஏதோ தோன்றி, அப்பாவின் கடிதங்களைத் திறந்தாள். இருநூறுக்கு மேல் இருந்தன. ஒன்றுவிடாமல் கொம்பும் வாலும். நேற்றுவரை மினுக்கிக்கொண்டு திரிந்த கடிதங்கள் எல்லாம் முகம் தெரியாமல் குனிந்து நின்றன. சலிப்போடு தேடும் கட்டத்தில் 'கோமளா' என்று ஆங்கில எழுத்தில் தட்டினாள்.

புதுக் கணினி தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தது. "கோமளா என்ற பெயர் யாரிடமாவது உள்ளதா?"

யாரும் கை தூக்கவில்லை.

கடைசி வரிசையில் திரும்பி வந்தவர் நெளிந்தார். பேச்சு அவரை நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் திகைத்தான். அத்தனை பேரிலும் அவர் ஒருவர்தான் பெரிசிலிருந்து கிளம்பியபோது இருந்தபடியே இருந்தார்.

"பெரியவரே, உங்களைப் படிக்க முடியுது!"

"என்னையா? நான் திரும்பி வந்தவன்பா. என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"உங்கமேல அந்தப் பேரு எழுதியிருக்கு. கையத் தூக்குங்க, தயவுசெஞ்சு."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கை மூட்டையைப் பிடித்திருந்தது.

மலர் அதைத் திறந்தாள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். "தம்பி, தமிழில் எழுதினால் உன் கணினியில் கோழி கிண்டினது போல் வருகிறது என்றாய். இதோடு கோமளாவை அனுப்புகிறேன். முதலில் அவளைப் போட்டுக்கொள். அப்புறம் என் கடிதங்களைப் படி. அவள் இல்லாமல் நான் பேசுவது யாருக்கும் புரியாது."

அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். தமிழில் கடிதம் எழுதுகிறவர், படிக்க எழுத்துருவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். மலருக்கு அது தெரியாது. தமயந்திக்கு மறந்துபோயிருந்தது.

"மூட்டையை இறக்கவும்" என்றது கணினி.

"சேந்துட்டேனா?" என்று கேட்டார் திரும்பி வந்தவர்.

"சேர்ந்துவிட்டீர்கள் ஐயா."

இறக்கினார். இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கழுத்தை நிமிர்த்தினார். மூட்டை அவிழ்ந்தது. உள்ளேயிருந்து கோமளா எழுந்தாள், மூட்டை கட்டிய அன்று இருந்த இளமையோடு.

"அக்கா!" என்று ஓடினான் பேச்சு.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "யாருப்பா நீ?"

பேச்சு அப்படியே நின்றுவிட்டான். பெரிசுக்குள் அவனோடு இருந்த கோமளா பெரிசோடு போய்விட்டாள். இவள் அவளைப் போலவே செய்து மூட்டையில் கட்டப்பட்டவள். அவனை ஒரு நாளும் பார்த்ததில்லை. சந்தின் கோடியில் உட்கார்ந்து பேசிய பேச்செல்லாம் இவளுக்குத் தெரியாது.

"நீங்க என்னைத் தெரியாதவங்கக்கா. ஆனா வெளியில ரெண்டு பேர் காத்திருக்காங்க."

கோமளா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு தாயார் பிள்ளைக்குத் தலை வாருவது போல ஒவ்வோர் எழுத்தாக ஒழுங்கு பண்ணினாள். கொம்பெல்லாம் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆயின. வாலெல்லாம் சுழி ஆயின.

மலர் முதல் வரியைப் படித்தாள்.

"இன்று மலர் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு 'ங்காபூ திக்கா ஊ' என்று நீளமாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. தமயந்தி அடுப்படியிலிருந்தே, 'தண்ணி கேக்குறா, குடுங்க' என்றாள். கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள். இவளுக்கு மட்டும் எப்படித்தான் புரிகிறதோ!"

மலருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தக் குரலை அவள் கேட்டுவிட்டாள். "நெசமாவே உனக்குப் புரிஞ்சுதாம்மா?"

தமயந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்கடி புரிஞ்சுது? வெயில் காலம். கொழந்தைக்குத் தாகமா இருக்கும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

திரைக்குள் பேச்சு மெல்லக் கேட்டான். "அக்கா, என்னை யாருன்னே தெரியாதுன்னீங்களே. எப்படி ஒரு எழுத்துகூடத் தப்பாம..."

"தெரியாதுதான் தம்பி" என்றாள் கோமளா. "தாகமா இருக்கும்னு தோணுச்சு."