கற்பூரம் எரிந்து தீரும் வரை

கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போகக் கூடாது. கடைசியில் நான் ஒன்று கேட்பேன், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சம்மதம் என்றால் சொல்கிறேன்.

புலியூத்து என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரரான வீரபத்திரன் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய அக்காள் மகன் குடித்துவிட்டு ஓட்டிய மணல் லாரி, சைக்கிளில் போன தவசி என்பவரை அடித்துக் கொன்றுவிட்டது. வழக்கு வந்தபோது வீரபத்திரன் சாட்சிக் கூண்டில் ஏறி, "அன்றைக்கு அவன் என்னோடு சென்னையில் இருந்தான்" என்று சத்தியம் செய்து சொன்னார். சுங்கச்சாவடி கேமரா வேறு மாதிரி சொன்னது. அக்காள் மகன் சிறைக்குப் போனான். நீதிமன்றத்தில் பொய் சொன்ன குற்றத்துக்காக வீரபத்திரனும் போனார். பதவியும் போயிற்று.

தண்டனை முடிந்து அவர் ஊர் திரும்பினார். டீக்கடையில் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"பொய் சொல்லாத அரசியல்வாதி எவம்லே? இவரு மாட்டிக்கிட்டாரு, அவ்வளவுதான்" என்றார் ஒருவர்.

"தனக்காவா சொன்னாரு? அக்கா பிள்ளைக்காவச் சொன்னாரு" என்றார் இன்னொருவர். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது அவரால்தான் என்பதையும் யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

இதெல்லாம் சத்தமாகப் பேசப்பட்டது. அவர் முகத்தில் விழிக்கவே கூசுகிறது என்று நினைத்தவர்களும் ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ஊரில் ஓடும் மணல் லாரிகள் இன்னும் அவருடையவைதானே.

அந்த ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பேர் கெட்டுப்போன ஒருவர் பழைய மரியாதையைத் திரும்பப் பெற வேண்டுமானால், கொடைத் திருவிழா அன்று உச்சிப்பொழுதில் பலிபீடத்தின் மேல் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். அவரை ஏற்க மனமில்லாத யாரும் முன்னால் வந்து உள்ளங்கையால் பொத்தி அதை அணைத்துவிடலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அணைந்தால் மரியாதை கிடையாது. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்துவிட்டால் அவர் கழுத்தில் முதல் மாலை விழும். அந்த மாலைதான் வீரபத்திரனுக்கு வேண்டியிருந்தது.

தவசியின் மனைவி இசக்கியம்மாள். கொடைக்கு முந்தின வாரம் முழுக்க அவள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாக ஊர்க்காரர்கள் வந்துபோனார்கள்.

"நீ போயி அணைச்சிரு இசக்கி. ஒனக்கில்லாத உரிமையா? நாங்கல்லாம் ஒம்பின்னாலதான் நிப்போம்."

அவளும் அணைத்துவிடுவது என்றுதான் இருந்தாள்.

கொடை அன்று காலையில் அவள் மகள் மாரிச்செல்வி பூ வாங்கப் போனாள். ஒரு மணல் லாரி அவளுக்குப் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. டிரைவர் தலையை நீட்டி, "தவசி மகதான நீ? பேரென்ன பாப்பா? தெனமும் இந்த ரோட்டுலதான பள்ளிக்கூடம் போற?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு, ஒரு சாக்லேட்டும் கொடுத்துவிட்டுப் போனான்.

பிள்ளை சந்தோஷமாக வந்து சொன்னாள். இசக்கியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. யாரிடம் போய் என்னவென்று புகார் கொடுப்பது? சாக்லேட் கொடுத்தான் என்றா?

உச்சிவேளையில் வீரபத்திரன் கற்பூரம் ஏற்றினார். அவருடைய ஆட்கள் இருபுறமும் நின்றார்கள். ஊரே இசக்கியம்மாளைப் பார்த்தது. பின்னால் நிற்போம் என்றவர்கள் நிஜமாகவே பின்னால்தான் நின்றார்கள், வெகுதூரத்தில். அவள் நகரவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

வீரபத்திரன் தணிந்த குரலில், "ஏம்மா, ஒனக்கு எம்மேல எதும் கொறை இருந்தா சாமி முன்னாலயே சொல்லிரு" என்றார்.

சுடலை முன் பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் பிள்ளையின் தலைதான். பூசாரி குனிந்து கற்பூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றாள் இசக்கியம்மாள்.

கற்பூரம் எரிந்து தீர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மாலை விழுந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மாரிச்செல்வி கேட்டாள்: "யம்மா, நெசமாவே நமக்கு ஒரு கொறையும் இல்லையா?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வீரபத்திரன் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னார், அக்காள் மகனைக் காப்பாற்ற. இசக்கியம்மாள் சாமி முன் பொய் சொன்னாள், மகளைக் காப்பாற்ற. ஊர் வாயே திறக்கவில்லை. இந்த மூன்றில் பெரிய பொய் யாருடையது?

விடை: வீரபத்திரன் என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவருடைய பொய்யைச் சட்டம் பிடித்தது, எடை போட்டது, தண்டித்தது. இசக்கியம்மாள் என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை; கழுத்தில் கத்தி வைத்துப் பிடுங்கிய வார்த்தைக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்? பெரிய பொய் ஊருடையது. கற்பூரத்தை யார் வேண்டுமானாலும் அணைத்திருக்கலாம். எல்லோருக்கும் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து கை நீட்டியிருந்தால் எந்த வீட்டுப் பிள்ளையிடம் போய்ப் பேர் கேட்பார்கள்? அதைச் செய்யாமல், தங்கள் பயம் முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டுக் குலவையும் போட்டார்கள். ஆகவே விடை, ஊர். சரியாகச் சொல்லியிருந்தால் சந்தோஷம். ஆனால் வெளியே போய்ச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்; வருகிற தேர்தலில் வீரபத்திரனின் மனைவி நிற்கிறார்.